படிக்கத் தெரியாத எழுத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை?

1998 நவம்பரில் மொரிஷியஸ் மத்திய வங்கி புது ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. ஏழே மாதம். 1999 ஜூனில் அவற்றுக்குப் பதிலாக வேறு நோட்டுகள் வந்துவிட்டன. கள்ளநோட்டுப் பிரச்சினை எதுவும் இல்லை. தாளின் தரத்திலும் குறையில்லை. நோட்டின் மதிப்பை எழுதியிருந்த மொழிகளின் வரிசைதான் காரணம்.

அதுவரை இந்தத் தீவின் நோட்டுகளில் மேலே ஆங்கிலம், அதன் கீழே தமிழ், அதற்கும் கீழே இந்தி என்று இருந்தது. புது நோட்டில் தேவநாகரி மேலே ஏறியது, தமிழ் அதற்குக் கீழே போனது. தமிழை எடுத்துவிடவில்லை. ஒரு படி இறக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். அதற்கே மொரிஷியஸ் தமிழர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் மத்திய வங்கி பின்வாங்கியது. ஒரு நோட்டுத் தொடரையே திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி மறுபடி அச்சடித்தது.

நாம் தமிழர்கள் உலகத்தில் எத்தனையோ நாடுகளில் இருக்கிறோம். ஊர்வலம் போகிறோம், மனு கொடுக்கிறோம். ஆனால் ஒரு நாட்டின் மத்திய வங்கியை, அதுவும் சிறுபான்மையாக இருந்துகொண்டு, இப்படிப் பின்வாங்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. மொரிஷியஸ் தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது தமிழ் இல்லை, கிரியோல். எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் சிறு பகுதிதான். அப்படியென்றால் அந்தச் சண்டை எதற்காக?

வேலைக்காக இந்தத் தீவுக்கு வந்து எனக்கு ஆறு வருடமாகிறது. எபென் சைபர் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, குடியிருப்பது ரோஸ் ஹில்லில். வந்த புதிதில் என்னை அசத்தியது கடலோ கரும்புத் தோட்டமோ இல்லை, நூறு ரூபாய் நோட்டுதான். ஒரு பக்கம் தமிழர் முகம், பக்கத்தில் தமிழ் எழுத்து, போதாததற்குத் தமிழ் எண். நம் ஊரில் தமிழ் எண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய மைல்கல்லைத் தேடிப் போக வேண்டும். இங்கே காய்கறிக் கடையில் சில்லறையாகக் கொடுக்கிறார்கள்.

அந்த நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன். இங்கே பிரெஞ்சு வாடையோடு ரெங்கநாடென் சீனிவாசென் என்பார்கள். சுப்பராயன் சூப்ராயென் ஆகிவிடுவார். சீனிவாசன் வழக்கறிஞர், தொழிற்கட்சியின் முன்னணித் தலைவர், நாடு விடுதலை பெறுவதற்குப் பத்து வருடம் முன்பே 1958-இல் காலமானவர்.

இருபத்தைந்து ரூபாயில் சீன வம்சாவளியினர் ஒருவர், ஐம்பதில் பிரெஞ்சு வம்சாவளியினர், இருநூறில் முஸ்லிம் தலைவர் அப்துல் ரசாக் முகமது, ஆயிரத்தில் கிரியோல் மக்களின் தலைவர் கேட்டான் டுவால், இரண்டாயிரத்தில் முதல் பிரதமர் ராம்கூலம். பந்தியில் யாரையும் விட்டுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து இலை போட்ட மாதிரி இருக்கும். முகங்களை இவ்வளவு கவனமாகப் பங்கிட்டவர்கள் எழுத்தில் எப்படிக் கோட்டை விட்டார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

எங்கள் வீட்டுக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. தெருவில் எல்லோரும் அவரைத் தொந்தோன் என்று கூப்பிடுவார்கள். கிரியோலில் மாமா என்று அர்த்தம். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்து, வாழை இலையில் ஏழு கறி பரிமாறுகிற வீடு. சாமி பாட்டெல்லாம் கணீரென்று பாடுவார், ஆனால் கையில் இருக்கும் புத்தகம் ரோமன் எழுத்தில் இருக்கும். 1998 பற்றி அவரிடம் கேட்டேன். என் அரைகுறைப் பிரெஞ்சும் அவருடைய கிரியோலும் கலந்த பேச்சு, தமிழில் சொல்கிறேன்.

"தொந்தோன், உங்களுக்குத்தான் தமிழ் படிக்க வராதே. எது மேலே இருந்தா உங்களுக்கு என்ன?"

"படிக்க வராதுப்பா. ஆனா எது நம்ம எழுத்துன்னு தெரியும்ல? கோயில் சுவத்துல சின்ன வயசுலேர்ந்து பார்த்த எழுத்து. ரெண்டாவது வரியில இருந்தது. ஒருநாள் காலையில மூணாவது வரிக்குப் போயிருச்சு. ஏன்னு கேட்க மாட்டோமா?"

அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1735 வாக்கில் பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே போர்ட் லூயி நகரத்தைக் கட்ட ஆரம்பித்தபோது, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்தார். அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக இறக்கத் தொடங்கியது 1834-இல்தான். அவர்களிலும் தமிழர்கள் இருந்தார்கள் என்றாலும், பெரும்பகுதி பீகார் பக்கத்து போஜ்புரி மக்கள். சீக்கிரத்திலேயே அவர்கள்தான் தீவின் பெரும்பான்மை ஆனார்கள். ஆக, முதலில் வந்தவர்கள் என்று பார்த்தால் தமிழ் முன்னால் வர வேண்டும். எண்ணிக்கை என்று பார்த்தால் இந்தி முன்னால் வர வேண்டும். இரண்டு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. அதுதான் சிக்கலே.

மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது பழக்கமான சிக்கல். எந்தப் பட்டியலும் தானாக வரிசையில் நிற்காது. எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று யாராவது ஒருவர் முதலில் முடிவு செய்திருக்க வேண்டும். பெயரை வைத்தா, தேதியை வைத்தா, எண்ணிக்கையை வைத்தா? அந்த முடிவு எடுத்த பிறகு வரிசை தானாக வந்துவிடும், பார்ப்பதற்கு நடுநிலையாகவும் தெரியும்.

இந்திய ரூபாய் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் 15 மொழிகள். மேலே அசாமி, கடைசியில் உருது. தமிழ் 13-ஆவது. ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசை என்பதால் யாருக்கும் வருத்தமில்லை. ஒருநாள் சும்மா இருந்தபோது அதே 15 பெயர்களைத் தமிழ் அகரவரிசையில் போட்டுப் பார்த்தேன். தமிழ் 9-ஆவது இடத்துக்கு வந்தது. கடைசியில் இருந்த உருது இரண்டாவது ஆனது. வங்காளம் இரண்டாவதிலிருந்து கடைசிக்குப் போனது. இந்திய மொழிகளுக்குள் சண்டை வராமல் இருக்க, எல்லோருக்கும் பொதுவான அந்நிய மொழியின் வரிசையைப் பிடித்துக்கொண்டது நல்ல யோசனைதான். ஆனால் இந்தியும் ஆங்கிலமும் அந்தக் கட்டத்துக்குள் வரவே வேண்டியதில்லை, அவை முன்பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கின்றன. வரிசையில் நிற்கத் தேவையில்லாதவர்கள் எங்கேயும் இருப்பார்கள் போலிருக்கிறது.

அந்தக் கட்டத்தில் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள். நோட்டில் இந்தியையும் சேர்த்து 16-தான். சிந்தி 1967-லேயே அட்டவணையில் சேர்ந்தது, நோட்டில் இல்லை. 1992-இல் கொங்கணி, நேபாளி, மணிப்புரி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. முதல் இரண்டும் நோட்டில் இடம் பிடித்துவிட்டன, மணிப்புரிக்கு இன்னும் இடமில்லை. போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி இவையும் அப்படியே. இதைப் பற்றித் தமிழர்களாகிய நாம் பேசுவதில்லை. நம் மொழி பத்திரமாக உள்ளே இருக்கிறதே.

நம் மொழிக்கு ஒன்று என்றால் பேசுவோம். 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து, புது 500, 2000 ரூபாய் நோட்டுகள் வந்தன. ஊரே வங்கி வாசலில் நின்றுகொண்டிருந்த நேரம். அந்த நெரிசலுக்கு நடுவிலும் நோட்டில் புதிதாகத் தேவநாகரி எண்கள் இருப்பதைச் சிலர் கவனித்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்கும் தொடரப்பட்டது. அரசியலமைப்பின் 343-ஆவது பிரிவு ஒன்றிய அரசின் பணிகளுக்கு இந்திய எண்களின் சர்வதேச வடிவத்தைத்தான் சொல்கிறது, அதாவது 1, 2, 3. பிறகு தேவநாகரி எண் எப்படி வந்தது என்பது கேள்வி. பணத்துக்கே திண்டாடும்போது இது ஒரு கேள்வியா என்று அப்போது என் நண்பர்களே கேலி செய்தார்கள். எனக்கு அது கேலிக்குரிய விஷயமாகத் தெரியவில்லை. எல்லோரும் வேறு கவலையில் இருக்கும்போதுதான் இந்த மாதிரி மாற்றங்கள் நடக்கும்.

2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட் இலச்சினையில் ரூபாய்க் குறிக்குப் பதிலாக 'ரூ' என்று போட்டது பெரிய செய்தியானது. தேவநாகரி எழுத்தையும் ரோமன் எழுத்தையும் இணைத்து 2010-இல் அந்தக் குறியை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், அவருடைய அப்பா திமுகவின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் என்பதை வைத்து இரண்டு பக்கமும் ஒரு வாரம் கிண்டலடித்துக்கொண்டார்கள். சில்லறைக் கடை ரசீதில் காலங்காலமாக 'ரூ' என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

இதெல்லாம் வெறும் அடையாளச் சண்டை, வயிற்றுக்கு உதவாது என்று சொல்கிறவர்கள் கிழக்கு வங்கத்தைப் பார்க்க வேண்டும். 1947-இல் பாகிஸ்தான் உருவானபோது அந்த நாட்டு மக்களில் பாதிக்கும் மேல் வங்க மொழி பேசுகிறவர்கள். ஆனால் புது அரசு வெளியிட்ட பணத்திலும் தபால்தலையிலும் வங்க மொழி இல்லை. அரசுப் பணித் தேர்வுப் பட்டியலிலிருந்தும் அது காணாமல் போனது. டாக்கா மாணவர்கள் முதலில் கொதித்தது இந்த மாதிரிச் சின்னச் சின்னத் தாள்களைப் பார்த்துத்தான். 1948 பிப்ரவரியில் அரசியல் நிர்ணய சபையில் தீரேந்திரநாத் தத்தா வங்க மொழிக்கும் அவையில் இடம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. பிறகு 1956-இல் வங்க மொழிக்கும் ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது, பாகிஸ்தான் நோட்டுகளிலும் வங்க எழுத்து வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1971-இல் நாடே பிரிந்தது. தத்தாவை அதே ஆண்டில் பாகிஸ்தான் ராணுவம் கொன்றது.

நாடு பிரிந்ததற்குப் பொருளாதாரம், தேர்தல், ராணுவம் என்று ஆயிரம் காரணம் உண்டு. நோட்டில் ஒரு வரி இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு புது அரசு உங்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள, அது அச்சடிக்கிற முதல் தாளைப் பார்த்தால் போதும். டாக்கா மாணவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை நம் பக்கத்திலேயே இருக்கிறது. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அது சொந்தக் கதை. 1956-இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. தமிழ் ஆட்சிமொழியாகக் காகிதத்தில் வந்தது 1987-இல், 13-ஆவது திருத்தத்தோடு. நடுவில் 31 வருடம். அந்த 31 வருடமும் இலங்கை நோட்டில் தமிழ் இருந்தது. 1963-இல் வந்த நாணயங்களிலும் சிங்களத்தோடு தமிழ் இருந்தது. வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமாகி, அதில் தார் பூசி, கலவரம் வெடித்த 1958-இலும், பஸ் கண்டக்டரிடம் நீட்டிய ரூபாய் நோட்டில் தமிழ் இருந்தது. அரசு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் சட்டைப்பையில் தமிழில் அச்சடித்த பணம் இருந்தது.

எங்கள் அலுவலகத்திற்கு ஒரு திட்டப்பணிக்காக வந்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவரிடம் மொரிஷியஸ் நோட்டைப் பெருமையாகக் காட்டினேன். லண்டனில் வளர்ந்தவர். வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கட காசிலயும் தமிழ் இருந்ததுதானே தம்பி. அதை எடுத்துக்கொண்டுதான் நாங்கள் கப்பலேறினோம்" என்றார். பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆக, நோட்டில் இல்லாமல் போனால் அது ஆபத்தின் அறிகுறி. ஆனால் நோட்டில் இருந்துவிட்டால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. ஒரு அரசாங்கத்துக்கு ரொம்ப மலிவான மரியாதை நோட்டில் ஒரு வரி போடுவது. மையும் தாளும் எப்படியும் செலவாகப் போகிறது. பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் போடுவதற்கும், காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதிக்கொள்ள ஆள் வைப்பதற்கும்தான் பணம் வேண்டும், மனசும் வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் வாழ்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே நோட்டில் நான்கு மொழிகள். அதில் ரொமான்ஷ் பேசுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1938-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி அதைத் தேசிய மொழியாக்கினார்கள். நாணயத்தில் எந்த மொழியும் வேண்டாம் என்று நாட்டின் பெயரை லத்தீனில் போட்டுவிட்டார்கள். இறந்துபோன மொழியின் மேல் யாரும் பொறாமைப்பட மாட்டார்கள் இல்லையா. சிங்கப்பூர் நாணயத்தில் நான்கு மொழிகளில் தமிழும் உண்டு. 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் அங்கே 2.5 சதவீதம்.

மொரிஷியஸுக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் இங்கே இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. நோட்டில் தமிழுக்குக் கீழே இருக்கிற இந்தி யாருடைய தாய்மொழி? பீகார் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பேசியது போஜ்புரி. அந்தக் காலத்தில் பீகாரில் அன்றாடக் கணக்கு வழக்கெல்லாம் எழுதியது கைதி என்ற எழுத்தில். பிரிட்டிஷ் இந்தியாவின் பத்து ரூபாய் நோட்டில் எட்டு மொழி எழுத்துகள் இருந்தன. தமிழ் இருந்தது, பர்மியம்கூட இருந்தது, கைதியும் இருந்தது. பிறகு தேவநாகரி அதை விழுங்கிவிட்டது. இன்றைக்கு மொரிஷியஸ் நோட்டில் கைதியும் இல்லை, போஜ்புரி என்ற பெயரும் இல்லை. தீவில் போஜ்புரி பேசுகிற வீடுகளும் குறைந்துகொண்டே வருகின்றன. 1998-இல் மேலே போவதா கீழே போவதா என்று மோதிக்கொண்ட இரண்டு வரிகளில் ஒன்றை எழுதத் தெரிந்தவர்கள் குறைவு, இன்னொன்று பாட்டன் பேசிய மொழியே இல்லை.

இரண்டு பக்கமும் அந்தச் சண்டையைப் போட்டது எந்த மொழியில்? கிரியோலில். இந்தத் தீவில் பத்தில் எட்டு ஒன்பது பேர் வீட்டில் பேசுகிற மொழி அது. அலுவலகத்தில் மின்னஞ்சல் ஆங்கிலத்தில் போகும், செய்தித்தாள் பிரெஞ்சில் வரும், ஆனால் சர்வர் படுத்துவிட்டால் எல்லோரும் கத்துவது கிரியோலில்தான். அது நோட்டில் இல்லை. எத்தனையோ காலமாக அதை ஒரு மொழி என்றே யாரும் மதிக்கவில்லை. உடைந்த பிரெஞ்சு என்றார்கள்.

அந்த மொழிக்குள் எவ்வளவு தமிழ் இருக்கிறது தெரியுமா? சந்தையில் சீன வம்சாவளிக்கார அம்மா முருங்கைக் கீரையை 'ப்ரெட் முரும்' என்று கூவி விற்பார். பீர்க்கங்காய் 'பிப்பங்காய்'. ரசம் 'ரசோன்'. கோயில் கோவிலேதான். தமிழே தெரியாதவர்கள், தமிழர்களே அல்லாதவர்கள், தினமும் வாயில் வைத்திருக்கிற தமிழ் இது. யாரும் போராடிக் காப்பாற்றியதில்லை, வயிறு காப்பாற்றியிருக்கிறது. நூறு ரூபாய் நோட்டில் இருக்கிற தமிழைப் படிக்கிறவர்களைவிட இந்தத் தமிழைப் பேசுகிறவர்கள் பல மடங்கு அதிகம்.

நோட்டு மாற்றப்பட்ட அந்த ஏழு மாத இடைவெளியில் இன்னொன்றும் நடந்தது. 1999 பிப்ரவரியில் காயா என்ற கிரியோல் பாடகர் போலீஸ் காவலில் இறந்தார். தீவு முழுக்கக் கலவரம். அதற்கும் நோட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பெரியவர்களிடம் 98, 99 பற்றிக் கேட்டால் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறார்கள். ஒரு சமூகம் நோட்டில் தன் வரியை மீட்டுக்கொண்டிருந்தபோது, இன்னொரு சமூகம் தன்னை யாருமே கணக்கில் எடுக்கவில்லை என்று தெருவுக்கு வந்தது. கேட்டான் டுவாலின் முகம் ஆயிரம் ரூபாய் நோட்டில் இருந்தது அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2012-இல் கிரியோலைத் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அதை முன்னோர் மொழிகள் இருக்கிற அதே பட்டியலில் வைத்தார்கள். அதாவது தமிழ் எடுக்கிற பிள்ளை கிரியோல் எடுக்க முடியாது, கிரியோல் எடுத்தால் தமிழ் கிடையாது. தொந்தோன் வீட்டில் பேரனைப் பள்ளியில் சேர்க்கும்போது இதே படிவத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. மருமகள் சொன்னது நடைமுறைக் கணக்கு: பையன் பேசுகிற மொழி கிரியோல், அதை எழுதப் படித்தால் மார்க்கும் வரும், புத்தியும் வளரும். தொந்தோன் ஒரே பிடியாக நின்றார். கடைசியில் தமிழ் என்று எழுதினார்கள். மருமகள் சொன்னது தப்பு என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது.

நானே தமிழ் பிழைக்க வேண்டும் என்று நினைக்கிறவன். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பையனுக்கு அரை மணி நேரம் எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் தாய்மொழியையும் பாட்டன் மொழியையும் ஒரே நாற்காலிக்கு மோதவிடுகிற ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. 1998-இல் வங்கியைத் திருப்பி வாங்க வைத்த அதே கூட்டம், பாட வேளையில் இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று ஒரு பத்து வருடம் விடாமல் கேட்டிருந்தால் இந்நேரம் கிடைத்திருக்கலாம். நோட்டுச் சண்டைக்குக் கூட்டம் சேர்வது சுலபம், எதிராளி யார் என்று கண்ணால் பார்க்கலாம். பள்ளிக்கூடக் கால அட்டவணைக்கு யார் கொடி பிடிப்பார்கள்?

அதற்காக நோட்டுச் சண்டை வீண் என்று நான் நினைக்கவில்லை. தொந்தோன் சொன்ன 'ஏன்' என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், அடுத்த தொடரில் இடப்பற்றாக்குறை என்று சொல்லி அந்த வரியையே எடுத்திருக்க மாட்டார்கள் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? எடுத்த பிறகு மீட்பது, இறக்கியதைத் திரும்ப ஏற்றுவதைவிடப் பல மடங்கு கஷ்டம் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி நிறைய இருக்கிறது.

நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை. வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறவன். ஆனாலும் ஒரு கருத்து உண்டு. அடுத்த முறை மத்திய வங்கி புது நோட்டுத் தொடர் போடும்போது கிரியோலுக்கும் ஒரு வரி கொடுக்க வேண்டும், அதை முதலில் கேட்கிறவர்கள் தமிழர்களாக இருக்க வேண்டும். தன் வரி ஒரு படி இறங்கியதற்கே எவ்வளவு வலித்தது என்று தெரிந்தவர்கள், வரியே இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அந்தக் கோரிக்கைக்கு ஒரு எடை இருக்கும். தெலுங்கர்கள், மராத்தியர்கள், சீனர்கள் எங்கள் எழுத்து எங்கே என்று பின்னாலேயே வருவார்கள், நோட்டில் இடம் போதாது என்று வங்கி சொல்லும். சொல்லட்டும். இந்தியா ஒரு சின்னக் கட்டத்துக்குள் 15 மொழிகளை அடைத்திருக்கிறது.

போன வாரம் இதைத் தொந்தோனிடம் சொன்னேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கிரியோல்தானே, போடட்டும். நம்ம எல்லாரும் பேசுறதுதானே" என்றார். பிறகு, "எந்த வரியில?" என்று கேட்டார்.

அதுதான் இன்னும் முடிவாகவில்லை என்றேன்.